முள்வாங்கி

அந்தப் பாட்டியின் கழுத்தில் பாசிமணிகளுக்கு நடுவே சின்னதாக ஓர் இரும்புச் சாமான் தொங்கியது. முதல் நாள் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலை, வீட்டு வாசலில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார்ந்து அவர் அதைக் கையில் எடுத்தார். இடது கையால் வலது கண்ணின் மேலிமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தடவித் தடவிப் பார்த்து, சுருக்கென்று ஒரு இழுப்பு. வந்த முடியை விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தரையில் துடைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மறுபடியும் இமையைத் தூக்கினார்.

எங்கள் ஊரில் அந்தச் சாமானுக்கு முள்வாங்கி என்று பெயர். என் தாத்தா அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இது 2019 ஆகஸ்டில். அப்போது நைரோபியில் ஒரு மிஷன் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் விடுமுறையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒரு வாரம் கிராமத்துக்கு ஊழியத்துக்குக் கூட்டிப்போவது பள்ளியின் வழக்கம். அந்த வருடம் பதினாறு பேர். கிகுயு, லுவோ, கம்பா வீட்டுப் பிள்ளைகள், இரண்டு குஜராத்திகள், ஒரு கோவாக்காரப் பெண். மாசாய் பிள்ளை ஒருவர்கூட இல்லை. போகிற இடமோ கஜியாடோ கவுண்டியில் ஒரு மாசாய் கிராமம்.

நைரோபியிலிருந்து மகாதி ஏரிக்குப் போகும் சாலை ங்கோங் மலையின் தோள்வரை ஏறி, கோனா பரிடி என்ற வளைவில் சட்டென்று கீழே இறங்கும். குளிர்ந்த மூலை என்று அர்த்தம். அங்கே ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்ட பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். நைரோபி சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை முடிகிற மகாதி 600 மீட்டர். இடையில் முழுக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் வெயில். வழியெல்லாம் குடை விரித்த மாதிரி முள்மரங்கள். மாசாய்கள் பேசும் மா மொழியில் அதற்கு ஓல்டெபேசி என்று பெயர். நான் திசையன்விளைப் பக்கத்துக்காரி. எங்கள் உடங்காட்டில் நிற்கிற உடை மரமும் இதுவும் நெருங்கிய சொந்தம். அதே குடை, அதே வெள்ளை முள். பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஊரை நினைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடையன்குடி எங்களுக்குப் பக்கத்து ஊர். 1841-ல் அங்கே வந்த கால்டுவெல் ஏறக்குறைய ஐம்பது வருடம் அங்கிருந்தே வேலை பார்த்தார். என் பூட்டி எழுத்துக் கூட்டியது மிஷன் பள்ளிக்கூடத்தில். அந்த நன்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் உண்டு. அதே கால்டுவெல் 1849-ல் எங்கள் முன்னோரைப் பற்றி வெளியிட்ட சிறு நூலின் சில வரிகள் எங்கள் சனத்தை எவ்வளவு புண்படுத்தின என்பதையும் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் ஊழியத்தை வாங்கிக்கொண்ட பக்கத்திலிருந்து வந்தவள். ஆகவே பேருந்து கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒரு முகத்தைக்கூடப் போட்டோ எடுக்கக் கூடாது.

நாங்கள் கொண்டுபோன திட்டம் எளிமையானது. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, இரண்டு பெட்டி சோப்பைக் கொடுத்து முகம் கழுவுவது பற்றிப் பாடம் நடத்துவது, வீடுவீடாக ஒரு கணக்கெடுப்பு. வெள்ளையடித்தோம். சுவர் நன்றாகவே இருந்தது.

கணக்கெடுப்புதான் முதல் நாளே நின்றுபோனது. படிவத்தில் முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பிள்ளைகள். இரண்டாவது, எத்தனை மாடுகள். ஒரு பையன் அதை ஒரு பெரியவரிடம் சுவாஹிலியில் கேட்டான். அவர் கோபப்படவில்லை, பதிலும் சொல்லவில்லை. கையிலிருந்த தடியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். எங்களோடு வந்த சுகாதாரத் தன்னார்வலர், நம் ஊர் ஆஷா பணியாளர் மாதிரி அந்தக் கிராமத்துப் பெண், படிவத்தை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கி மடித்துவிட்டார். பிள்ளைகளையும் மாடுகளையும் எண்ணிச் சொல்வது இவர்களுக்கு ஆகாது, எண்ணினால் கெடுதல் வரும் என்றார். எனக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "எண்ணாத, கண்ணு படும்" என்று என் ஆச்சி சொல்லாத நாள் கிடையாது. ஆனாலும் படிவத்தைத் தட்டச்சு செய்தபோது எனக்கு அது தோன்றவே இல்லையே.

சரி, பாட்டியிடம் வருகிறேன். மா மொழியில் பாட்டியை கோகோ என்பார்கள். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நாங்களும் அப்படியே. சின்னப் பிள்ளைகள் அவர் அருகில் வந்து தலையைக் குனிந்து நிற்கும். அவர் உச்சியில் உள்ளங்கையை வைப்பார். அதுதான் வணக்கம். எங்கள் பிள்ளைகளும் இரண்டாம் நாளே குனியப் பழகிவிட்டார்கள். பதினேழு வயது, ஆறடி உயரப் பையன் முழங்காலை மடக்கித் தலையை நீட்டுவான். கோகோ சிரித்துக்கொண்டே தொடுவார்.

அவர் கண்ணில் இருந்தது டிரக்கோமாவின் முற்றிய நிலை. இந்த நோயைப் பாடமாக நடத்தியிருக்கிறேன், ஆனால் பக்கத்தில் பார்த்தது கிடையாது. கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியா சின்ன வயதிலேயே கண்ணில் தொற்றுகிறது. பிள்ளையின் கண் பீளையிலும் மூக்குச் சளியிலும் அது இருக்கும். ஈ, கை, துணி வழியாக அடுத்த பிள்ளைக்குப் போகும், அங்கிருந்து தாய்க்கு. ஒருமுறை வந்தால் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உட்புறம் வடு விழும். வருடங்கள் போகப்போக வடு சுருங்கி, இமையின் விளிம்பு உள்ளே மடங்கி, இமை முடி கண்மணியில் உரச ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மணல் போட்டுத் தேய்க்கிற மாதிரி. அந்த உரசலில் கருவிழி வெளுத்து, கடைசியில் பார்வை போகும். பிள்ளைகளோடு எந்நேரமும் புழங்குவதால் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். கென்யாவில் இது வேரூன்றிய இடங்களில் கஜியாடோவும் பக்கத்து நாரோக்கும் உண்டு. முடியைப் பிடுங்கினால் சில நாள் நிம்மதி. அப்புறம் குட்டையாக, இன்னும் கூராக முளைக்கும்.

இதற்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. இமையை மரத்துப்போகச் செய்து, கீறி, விளிம்பை வெளிப்பக்கம் திருப்பித் தைப்பார்கள். பயிற்சி பெற்ற நர்ஸே செய்துவிடலாம். அரை மணி நேர வேலைதான். போன பார்வை திரும்பாது, ஆனால் வேதனை நிற்கும். அந்த வாரம் வியாழக்கிழமை, பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அதற்கான முகாம் இருந்தது. தன்னார்வலரின் பட்டியலில் கோகோவின் பெயர் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு முகாம்களின் பட்டியலிலும் இருந்ததாம். இரண்டுக்கும் அவர் போகவில்லை.

பயமா என்று கேட்டேன். தன்னார்வலர் கேள்வியை மொழிபெயர்க்கக்கூட இல்லை. அவரே சொன்னார். மகன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடி ங்குருமான் மலையடிவாரத்துக்குப் போய்விட்டான், மழை வந்தால்தான் திரும்புவான். மருமகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். வீட்டில் சின்னப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆட்டுக்குட்டிகள் இருக்கின்றன. முகாமுக்குப் போனால் கண்ணைக் கட்டி அனுப்புவார்கள், மறுநாள்தான் அவிழ்ப்பார்கள். அந்த இரண்டு நாள் தண்ணீருக்கு யார் போவது?

பேச்சு அங்கேயே நின்றது. நானும் ஏதோ தலையாட்டிவிட்டு எழுந்திருப்பேன். பின்னால் உட்கார்ந்திருந்த கம்பா வீட்டுப் பெண் ஒருத்தி, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, சுவாஹிலியில் கேட்டாள்: "நாங்க கொண்டுவந்தா கோகோ போவாங்களா?"

தன்னார்வலர் அதை மா மொழியில் சொன்னதும் கோகோ அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பிறகு எழுந்து கழுதையை அவிழ்த்தார். முதலில் இன்றைக்கு என்னோடு வரட்டும், பார்க்கலாம் என்றார்.

நான்கு பிள்ளைகளும் நானும் அவர் பின்னால் நடந்தோம். போக ஒரு மணி நேரம். காய்ந்த ஆற்றுப் படுகை. மணலில் நெஞ்சளவு ஆழத்துக்கு ஊற்று தோண்டி, முள்கிளை போட்டு ஆடுமாடு இறங்காமல் அடைத்திருந்தார்கள். எங்களுக்குமுன் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். ஒருவர் உள்ளே இறங்கி ஒரு டப்பாவால் மொண்டு மொண்டு மஞ்சள் ஜெர்ரிகேனில் ஊற்றுவார். நாலு டப்பா எடுத்தால் ஊற்று வற்றிப்போகும். அது சுரக்கும்வரை நிற்க வேண்டும். சுரக்கிற தண்ணீரை அவசரப்பட்டுக் கலக்கிவிட்டால் எல்லோருக்கும் சேறு. ஒரு பையன் கலக்கினான். யாரும் திட்டவில்லை. ஒரு பெண் அவனை மேலே ஏறச் சொல்லிவிட்டுத் தான் இறங்கினாள், அவ்வளவுதான். இருபது லிட்டர் நிறைய முக்கால் மணி நேரம் ஆனது. கேனைக் கழுதையின் இரண்டு பக்கமும் எடை ஏற இறங்க இல்லாமல் கட்ட வேண்டும். முடிச்சு இளகினால் வழியில் கவிழும். கோகோ கட்டிக் காட்டினார், அவிழ்த்தார், எங்களைக் கட்டச் சொன்னார், மறுபடி அவிழ்த்தார். நான்காவது தடவை கோவாப் பெண்ணின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அதுதான் சம்மதம்.

திரும்பி வரும்போது ஒரு பையன் கேட்டான்: "மிஸ், தண்ணியே இல்லாத இடத்துல ஏன் வந்து குடியிருக்காங்க?" முதுகில் ஐந்து லிட்டர் கேனைச் சுமந்துகொண்டு உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டான். அவன் படிக்கும் பள்ளி இருக்கும் ஊரின் பெயரே மா மொழிதான். என்கரே நைரோபி, குளிர்ந்த தண்ணீர். நைவாஷா, நகுரு பக்கத்து நல்ல மேய்ச்சல் நிலங்களில் இருந்தவர்களை ஐரோப்பியக் குடியேறிகளுக்காக 1904-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு வெளியேற்றினார்கள். ஒரு பகுதியினர் வடக்கே லைகிப்பியாவுக்கு, மற்றவர்கள் தெற்கே. மாசாய் இனம் இருக்கும்வரை அந்த நிலம் அவர்களுக்கே என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஏழே வருடத்தில், 1911-ல், இன்னொரு ஒப்பந்தம் போட்டு லைகிப்பியாவிலிருந்தும் தெற்கே அனுப்பினார்கள். 1913-ல் மாசாய்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்; வழக்கு தள்ளுபடியானது. இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னேன். லைகிப்பியாவில் தாத்தா வீடு இருக்கும் ஒரு பிள்ளை எங்களோடு வந்துகொண்டிருந்தாள். அவள் அதற்குப்பின் ஊர் வரும்வரை பேசவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு, ஒரு போர்வெல் போட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இந்தப் பள்ளத்தாக்கு எரிமலை மண். பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டி இருக்கிறது. ஊரில் பல பேரின் பற்களில் பழுப்புக் கறை. அது பல் துலக்காததால் வந்ததில்லை, தண்ணீரால் வந்தது. தோண்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும், தோண்டியபின் வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு வந்தவர்கள் வாக்குக் கொடுக்கக்கூடிய காரியம் இல்லை அது.

வியாழக்கிழமை விடியும் முன்பே கோகோ கிளம்பிவிட்டார். மணிகளையெல்லாம் போட்டுக்கொண்டு, புதுச் சிவப்புத் துணி போர்த்தியிருந்தார். மருமகளிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். கம்பாப் பெண்ணைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து, பூப்போல எச்சில் தெளித்தார். அவள் திடுக்கிட்டுப் போனாள். தன்னார்வலர், அது ஆசீர்வாதம், பிறந்த குழந்தைக்கும் பயணம் போகிறவருக்கும் செய்வது என்றார். அன்றைக்குப் பயணம் போனது என்னவோ கோகோதான்.

இரண்டு நாள் நாங்கள் அந்த வீட்டை நடத்தினோம் என்று சொன்னால் அது பொய். மருமகள் தொட்டிலோரம் இருந்தபடியே நடத்தினார், நாங்கள் ஓடினோம். தண்ணீர் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. சுள்ளி பொறுக்குவது. குட்டிகளைத் தாய் ஆடு வரும்வரை முள்வேலிக்குள் வைத்திருப்பது, வந்ததும் எது எந்தத் தாயின் குட்டி என்று பிரித்து விடுவது. குஜராத்திப் பையன் ஒருவன் இதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொள்வது எனக்கு. வீட்டுக்குள் ஜன்னல் என்று சொல்லக் கையளவு ஓட்டைதான், புகை கண்ணைப் பிடுங்கியது. கோகோ இத்தனை வருடம் அந்தக் கண்ணோடு அந்தப் புகையில் எப்படி இருந்தார்? சாணி மெழுகிய சுவரில் கை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். மருமகள் புகையால் என்று நினைத்துத் தள்ளி உட்காரச் சொன்னார்.

நாங்கள் கொண்டுவந்த முகம் கழுவும் பாடமும் அந்த வீட்டில்தான் நடந்தது. அட்டையில் எழுதி வைத்திருந்ததைப் பிள்ளைகள் எடுக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் நின்று எடுத்த தண்ணீர் அது. சோப்பு போட்டால் அலச இன்னும் தண்ணீர் வேண்டும், ஆகவே சோப்பை ஓரமாக வைத்தார்கள். ஒரு டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, குச்சி செருகி, நூல் மாதிரி தண்ணீர் விழச் செய்தார்கள். அரை லிட்டரில் ஒன்பது பிள்ளைகளின் முகத்தையும் கையையும் கழுவ முடிந்தது. பக்கத்து வீட்டுத் தாய்மார் வந்து பார்த்தார்கள். அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு தண்ணீர் ஆச்சு என்பது. டப்பாவைத் தூக்கிக் காட்டினோம்.

வெள்ளிக்கிழமை மாலை கோகோ வந்தார். கட்டை அவிழ்த்திருந்தார்கள். இமை வீங்கி, தையல் தெரிந்தது. வாசலில் நின்று முதலில் கேனைத் தட்டிப் பார்த்தார், நிறைந்திருந்தது. குட்டிகளைப் பார்த்தார். கழுதையின் முதுகைத் தடவி, கயிறு அறுத்த புண் இருக்கிறதா என்று பார்த்தார். அதன்பிறகுதான் உட்கார்ந்தார். "ஆஷே ஓலெங்" என்றார். மிக்க நன்றி. அன்றிரவு ஜெபத்தில் மா மொழிப் பாட்டு ஒன்று பாடினார்கள். கடவுளுக்கு அவர்கள் சொல்வது என்காய். வானத்துக்கும் அதே சொல், மழைக்கும் அதே சொல். வானம் பார்த்த பூமியில் பிறந்த எனக்கு அந்த ஒரு சொல்லில் தலை தானாகக் குனிந்தது.

நைரோபிக்குத் திரும்பி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அடித்த சுவர்கள் எத்தனை, கொடுத்த சோப்பு எத்தனை, பயனடைந்தவர் எத்தனை பேர் என்று கட்டங்கள். இரண்டு நாள் தண்ணீர் எடுத்தோம், அதனால் ஒருவர் கண் சிகிச்சைக்குப் போக முடிந்தது என்று எழுதினேன். இதற்குப் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒருவருக்காக இத்தனை பேரா என்றும் ஒரு கேள்வி வந்தது. ஆமாம், ஒருவருக்காகத்தான். இப்போதும் அதையே சொல்வேன். அந்த ஊரில் மருந்து இருந்தது, நர்ஸ் இருந்தார், முகாம் இருந்தது, பட்டியலில் பெயர்கூட இருந்தது. இல்லாமல் போனது, அவர் வேலையை இரண்டு நாள் வாங்கிக்கொள்ள ஒரு கை. பதினாறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நான் செய்த எந்த ஊழியத்திலும் இதைவிடச் சரியான வேலை நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த வருடம் போக முடியவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கொரோனா அடங்கும் முன்பே வறட்சி பிடித்துக்கொண்டது. 2020 கடைசியிலிருந்து அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. மகாதி சாலையோரம் மாடுகள் விழுந்து கிடப்பதாகத் தன்னார்வலர் போனில் சொல்வார். பிள்ளைகள் தாங்களாகவே பணம் சேர்த்து, செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசாவில் அனுப்பினார்கள். தீவனத்துக்குப் போதாது. ஆனாலும் அனுப்பினார்கள்.

2023 ஏப்ரலில்தான் போனேன், விடுமுறையில், வேறு பிள்ளைகளோடு. மழை பெய்திருந்தது. ஓல்டெபேசி மரத்தடியெல்லாம் பச்சை. முள்வேலிக்குள் மாடுகள் குறைந்திருந்தன. எத்தனை என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரின் வெள்ளை உதிர்ந்திருந்தது. நாங்கள் செய்த ஓட்டை டப்பாக்களில் ஒன்றுகூட இல்லை. வறட்சியில் தண்ணீர் எடுக்க எல்லாப் பாத்திரமும் தேவைப்பட்டிருக்கிறது, ஓட்டையை மெழுகால் அடைத்து எடுத்துப்போய்விட்டார்கள்.

கோகோ அதே வாசலில், அதே வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கண் ஏற்கெனவே வெளுத்துப்போனது, அது திரும்பவில்லை. வலது கண் தெளிவாக இருந்தது, தண்ணீர் வடியவில்லை. கழுத்து மணிகளுக்கு நடுவே அந்தச் சாமான் இன்னும் தொங்கியது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. முடி மறுபடி உள்ளே திரும்பிவிட்டதோ என்று பயந்துபோனேன். சிலருக்கு அப்படி ஆவதுண்டு.

நான் குனிந்தேன். உச்சியில் கை வைத்தார். அதற்குள் ஒரு பையன் நொண்டிக்கொண்டு ஓடிவந்து அவர் மடியில் காலைப் போட்டான். 2019-ல் தொட்டிலில் இருந்த குழந்தை அவன். கோகோ கழுத்திலிருந்து முள்வாங்கியை எடுத்து, வலது கண்ணால் உற்றுப் பார்த்து, குதிகாலில் தைத்திருந்த வெள்ளை முள்ளை ஒரே இழுப்பில் எடுத்தார். அதைத் தரையில் துடைத்துவிட்டு, அவனைத் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுக்கச் சொன்னார்.